திருகாணி

நகையில் திருகாணி வெளியே தெரியக் கூடாது என்பது நம் பத்தர்களின் பால பாடம். தோட்டின் முகப்பில் கல்லும் வேலைப்பாடும் இருக்கும். அதைக் காதோடு இறுக்கிப் பிடிக்கிற ஆணியும் மரையும் காது மடலுக்குப் பின்னால் இருட்டில் கிடக்கும். அழகுக்கு ஓரிடம், பிடிமானத்துக்கு ஓரிடம். ஐரோப்பிய நகைத் தொழிலும் ஏறக்குறைய இதே விதிக்குக் கட்டுப்பட்டதுதான். ஆகவே பாரிஸ் நகை வியாபாரி லூயி கார்த்தியே 1904இல், தன் நண்பரும் விமானியுமான ஸான்டோஸ் துமோன் என்ற பிரேஸில்காரருக்காகச் செய்வித்த கைக்கடிகாரத்தில், கண்ணாடியைச் சுற்றியுள்ள சட்டத்தில் திருகாணிகளை அப்பட்டமாகத் தெரியவிட்டதை நான் ஒரு சரித்திர சம்பவமாகவே எண்ணுகிறேன். விமானம் ஓட்டுகிறவன் கையை எடுத்துவிட்டுச் சட்டைப் பையிலிருந்து கடிகாரத்தை உருவிப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. மணிக்கட்டில் ஒரு கடிகாரம் என்பது அவனுடைய தேவை. அது சதுரமாக இருக்க வேண்டும் என்பதோ திருகாணி தெரிய வேண்டும் என்பதோ அவனுடைய தேவையில் சேர்ந்ததில்லை. தேவை முடிந்த இடத்துக்கு மேல் ஒருவர் எடுத்த முடிவு அது. வடிவம் என்று நாம் சொல்வது அங்கேதான் ஆரம்பமாகிறது. 1911இல் அந்தக் கடிகாரம் கடைக்கு வந்தது. ஆண்கள் கையில் கடிகாரம் கட்டுவது அப்போது பெரிய வழக்கமாகக்கூட இல்லை.

விலை உயர்ந்த கடிகாரங்களின் சரித்திரத்தை உள்ளே ஓடுகிற யந்திரத்தின் சரித்திரமாக எழுதுவது மரபு. பற்சக்கரங்கள், மாணிக்கக் கற்கள், ஒரு நாளைக்கு எத்தனை வினாடி பிசகுகிறது என்ற கணக்கு. எனக்கு அது திருகாணியின் சரித்திரமாகத் தெரிகிறது. எதை ஒளிப்பது, எதைக் காட்டுவது என்று ஒவ்வொரு ஸ்தாபனமும் ஒவ்வொரு நெருக்கடியில் எடுத்த முடிவுகளின் சரித்திரம். துணிச்சலான வடிவம்தான் ஒரு கடிகார ஸ்தாபனத்தை மற்றவற்றிலிருந்து பிரித்துக் காட்டுகிறது என்று சொல்கிறார்கள். பாதி உண்மை. மீதிப் பாதி ஓசூரில் இருக்கிறது. அங்கே கடைசியில் போகலாம்.

இந்த விஷயத்தில் எனக்கு என்ன அக்கறை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். நான் வங்கி குமாஸ்தா. கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவனுக்கு மனிதர்கள் பெரும்பாலும் மணிக்கட்டு வரைதான் தெரிவார்கள். அதுவும் கூனிமேட்டு மணிக்கட்டுகள். வடக்கே மரக்காணம் வரை உப்பளம், கிழக்கே கடல், நடுவில் கிழக்குக் கடற்கரைச் சாலை. இந்தக் கரைக்கு அந்நியச் சரக்கு புதிதல்ல. பதினேழாம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலக் கம்பெனி சில வருஷங்கள் இங்கே ஒரு பண்டகசாலை வைத்திருந்தது. அவர்கள் ஏடுகளில் ஊரின் பெயர் கோனிமேர். பிற்பாடு பண்டகசாலை தேவைப்படவில்லை. வளைகுடா போனவர்களின் பெட்டிகளிலேயே எல்லாம் வந்து இறங்கிவிட்டது. அப்படி வந்தவற்றில் ஒரு கடிகாரத்தைப் பற்றிச் சொல்லத்தான் போகிறேன்; அதற்கு முன் ஐரோப்பாவில் கொஞ்சம் பாக்கி இருக்கிறது.

கார்த்தியே 1917இல் இன்னொரு காரியம் செய்தார். முதல் உலக யுத்தத்தில் ஓடிய ரெனோ டாங்கியை மேலேயிருந்து பார்த்தால் எப்படி இருக்குமோ அந்த உருவத்தைக் கடிகாரமாக்கினார். இரண்டு பக்கமும் டாங்கியின் பட்டைச் சக்கரங்களைப் போல இரண்டு நீண்ட கம்பிகள், நடுவில் செவ்வகமாக முகம். அதன் பெயரே டாங்க். லட்சக்கணக்கானவர்களைக் கொன்ற யுத்தத்தின் யந்திரத்தை மாலை விருந்துக்குக் கட்டிக்கொண்டு போகிற நகையாக மாற்றியது துணிச்சலா, மரத்துப்போன மனசா என்று கேட்டால் என்னிடம் ஒரே பதில் இல்லை. கடிகாரம் அழகாக இருக்கிறது என்பதை மட்டும் மறுக்க முடியாது.

இந்தியாவுக்கு நேரடியாகக் கடன்பட்ட ஒரு வடிவமும் உண்டு. 1930–31 குளிர்காலத்தில் ஸேஸார் த த்ரே என்ற சுவிஸ் கடிகார வியாபாரி இங்கே வந்திருந்தார். போலோ ஆடுகிற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகளின் கடிகாரக் கண்ணாடிகள் பந்திலும் மட்டையிலும் பட்டு உடைந்துபோவதாக அவரிடம் முறையிட்டார்கள். கண்ணாடியைக் கெட்டியாக்குவதுதான் யாருக்கும் முதலில் தோன்றும். ரெனே-ஆல்ஃப்ரெட் ஷோவோ என்ற பிரெஞ்சு வடிவமைப்பாளர் கடிகாரத்தை முகம் குப்புறப் படுக்க வைத்துவிட்டார். சட்டத்துக்குள் அது சறுக்கிப் புரண்டு கொள்ளும். வெளியே தெரிவது வெறும் எஃகு முதுகு. 1931 மார்ச்சில் பாரிஸில் காப்புரிமைக்கு மனுப்போட்டார்கள். அதுதான் ரிவெர்ஸோ. நேரத்தைக் காட்டுவதற்கென்றே இருக்கிற ஒரு பொருளை நேரம் காட்டாத பொருளாக ஆக்கலாம் என்று நினைத்துப் பார்க்க ஓர் அசாதாரண மனம் வேண்டும். என்ன ஆயிற்று என்றால், அந்த வெறும் முதுகு ரொம்ப நாள் வெறுமையாக இருக்க முடியவில்லை. வாங்கியவர்கள் அதில் குலச் சின்னங்களையும் பெயரெழுத்துக்களையும் பொறித்தார்கள், பெண்களின் முகங்களை எனாமலில் எழுதுவித்தார்கள். வெற்றிடம் ஒன்றைக் கண்டால் ஆபரணம் ஓடி வந்து உட்கார்ந்துகொள்கிறது. இதை நாம் மறக்காமல் வைத்துக்கொள்ள வேண்டும்.

சென்னையில் அந்த நாளில் நிலைமை வேறு. 1849இல் தொழில் தொடங்கிய பி. ஆர் அண்ட் ஸன்ஸ் மவுண்ட் ரோடில் கட்டிய மாளிகைக்கு வடிவம் கொடுத்தவர் ராபர்ட் சிஷோம். 1879இல் எழும்பிய கட்டடம் அது. வெளிநாட்டில் செய்து வந்த கடிகாரங்களின் டயலில் தங்கள் பெயரைப் பொறித்து விற்றார்கள். ஜமீன்தாரும் ஹைக்கோர்ட் வக்கீலும் வாங்கியது அந்தப் பெயரைத்தான். கடிகாரம் எந்த உருவத்தில் இருந்தது என்பது இரண்டாம் பட்சம். நம் நாட்டில் உயர்வு என்பது நெடுங்காலம் விற்பவரின் கட்டடத்தில் இருந்தது, பொருளின் வடிவத்தில் இருக்கவில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஒரு வித்தியாசமாகச் சொல்கிறேன்.

இனி 1969க்கு வரலாம். அந்த வருஷம் டிசம்பர் 25ஆம் தேதி டோக்கியோவில் ஸெய்க்கோ ஆஸ்ட்ரான் என்ற குவார்ட்ஸ் கைக்கடிகாரம் விற்பனைக்கு வந்தது. முதலில் அதன் விலை 4,50,000 யென், ஏறக்குறைய ஒரு சின்ன காரின் விலை. பத்து வருஷத்துக்குள் குவார்ட்ஸ் மலிந்து, துல்லியம் என்பது காசில்லாதவனுக்கும் கிடைக்கிற சரக்காகிவிட்டது. சுவிட்ஸர்லாந்தில் 1970இல் சுமார் 90,000 பேர் கடிகாரத் தொழிலில் இருந்தார்கள். 1980களின் நடுவில் அது முப்பதாயிரத்துச் சொச்சமாகச் சுருங்கியது. இருநூறு வருஷமாக 'எங்கள் கடிகாரம் சரியான நேரம் காட்டும்' என்று விற்று வந்தவர்களுக்கு அந்த வாக்கியம் ஒரே நாளில் வாயில் செத்துப்போனது. இனி எதைச் சொல்லி விற்பது?

ஆடெமார் பிகே என்ற ஸ்தாபனம் 1875 முதல் லெ ப்ராஸ்ஸு என்ற மலைக் கிராமத்தில் சன்னமான தங்கக் கடிகாரங்கள் செய்து வந்தது. அதன் நிர்வாகி ஜோர்ஜ் கோலே, ஜெரால்ட் ஜென்டா என்ற வடிவமைப்பாளரிடம் எஃகில் ஒரு கடிகாரம் கேட்டார். ஜென்டா அதை ஓர் இரவில் வரைந்ததாக அவரே சொல்லி வந்தார். கவிஞர்களும் ஓர் இரவுக் கதைகள் சொல்வார்கள். அதற்கு முந்தைய பத்து வருஷத்தை யாரும் சொல்வதில்லை. 1972 ஏப்ரலில் பாஸல் சந்தைக்கு வந்த அந்தக் கடிகாரத்தின் பெயர் ராயல் ஓக். எட்டு மூலைச் சட்டம், அதில் ஆறு பட்டைத் தலையோடு எட்டுத் திருகாணிகள், கண்ணுக்கு நேரே. ஆழ்கடலில் இறங்குகிறவர்களின் தலைக்கவசத்திலிருந்து எடுத்த யோசனை. 39 மி.மீ. அகலம், அன்றைய கணக்கில் தடியன் கடிகாரம். ஆனால் உள்ளே இருந்த தானியங்கி யந்திரத்தின் கனம் 3.05 மி.மீ. மட்டும். பட்டையும் கூடும் ஒரே உடம்பாக ஓடி, கை சுற்றி மெலிந்து வரும்.

அதைவிட முக்கியம், எஃகு. தங்கத்தில் வளர்ந்த ஒரு வீடு எஃகை எடுத்தது. எடுத்ததோடு நிற்காமல் அன்றைய பல தங்கக் கடிகாரங்களைவிட அதிக விலை வைத்தது. முன்மாதிரிகளை வெள்ளைத் தங்கத்தில்தான் செய்தார்கள், ஏனென்றால் எஃகு அவ்வளவு முரண்டு பிடித்தது. இந்த விஷயத்தில்தான் எனக்கு ஒன்று புரிந்தது. ராயல் ஓக்கின் விலை, வடிவத்தின் மேல் ஒட்டிய சீட்டு இல்லை. விலையும் வடிவத்தில் ஓர் உறுப்பு. அதே கடிகாரத்தை அதே திருகாணிகளோடு ஐம்பது பிராங்குக்கு விற்றிருந்தால் அது ஒரு நல்ல தொழிற்சாலைக் கடிகாரம். சரித்திரத்தில் ஒரு அடிக்குறிப்பு. 'எஃகுக்கு இவ்வளவா?' என்ற அதிர்ச்சியைத்தான் அவர்கள் முகப்பில் பதித்தார்கள். உருவமா உள்ளடக்கமா என்று நம் சிறு பத்திரிகைகளில் ஒரு காலத்தில் நடந்த சண்டையில் — எனக்கு அது அச்சில் படித்த பழைய சண்டைதான் — விலை என்ற மூன்றாவது வஸ்து வரவே இல்லை. நம் கவிதைத் தொகுதிகளுக்கு விலை வைத்து என்ன, வைக்காமல் என்ன என்பது காரணமாக இருக்கலாம்.

திருகாணிகளைப் பற்றி இன்னொரு செய்தி. ராயல் ஓக்கின் முகப்பில் தெரிகிற எட்டின் தலைகளும் அவற்றுக்கென்று வெட்டிய ஆறு பட்டைக் குழிகளில் உட்கார்ந்திருக்கின்றன. அவை திரும்பாது. திரும்ப முடியாது. முதுகுப் பக்கமிருந்து மரையைத்தான் முறுக்க வேண்டும். அதனால்தான் எட்டின் கீற்றுகளும் ஒழுங்காக வட்டத்தோடு வட்டமாக ஓடுகின்றன. நிஜமாகத் திருகி இறுக்கிய ஆணிகள் ஒருநாளும் அப்படி வரிசை கட்டி நிற்காது. ஆக, பிடிமானத்தைக் காட்டுகிறோம் என்று முன்னால் வைத்தது, பிடிமானத்தின் அபிநயம். ஆனால் முழுப் பொய்யும் இல்லை. அந்த ஆணிகள் சட்டத்தையும் கூட்டையும் முதுகையும் ஊடுருவி நிஜமாகவே இறுக்கிப் பிடிக்கின்றன. முறுக்குகிற இடம் மட்டும் பின்னால். நம் பத்தர் பார்த்தால் சிரிப்பார். காதுக்குப் பின்னால் இருந்தது கடைசியில் பின்னாலேயேதான் இருக்கிறது.

1976இல் பாடெக் ஃபிலிப் கப்பலின் வட்டச் சன்னலைப் போல இரண்டு காது வைத்த நாட்டிலஸ் என்ற எஃகுக் கடிகாரத்தைக் கொண்டுவந்தது. உலகத்தில் மிக விலை உயர்ந்த கடிகாரங்களில் ஒன்று எஃகால் ஆனது என்பதையே விளம்பரமாக்கினார்கள். அதையும் வரைந்தவர் ஜென்டா. அதே வருஷம் ஐ.டபிள்யூ.ஸி.யின் இஞ்ஜினியர் கடிகாரத்துக்குப் புது உடம்பு வரைந்தவரும் அவரே. மூன்று வீடுகள் தங்கள் தனித்தன்மை என்று இன்றைக்கும் மார்தட்டுவது ஒரே மனிதனின் கைப்பழக்கம். தனித்தன்மையைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஜென்டா 2011இல் இறந்தார்.

இப்போது என் ஊர்ப் பெட்டிக்கு வருகிறேன். அதில் ராயல் ஓக் இல்லை. இருந்தது ராடோ.

கடிகார ரஸிகர்களின் வட்டத்தில் ராடோவின் பெயரைச் சொன்னால் ஒரு புன்னகை வரும். அங்கேயும் சாதி உண்டு. ஆனால் ராடோ 1962இல் செய்த டயாஸ்டார், ராயல் ஓக்குக்குப் பத்து வருஷம் முன்னால் வந்தது. துணிச்சலில் அதற்கு ஒரு படியும் கீழில்லை என்பது என் அபிப்ராயம். டங்ஸ்டன் கார்பைடு என்ற, இரும்பை வெட்டும் கருவிகளின் முனைக்குப் பயன்படுகிற வஸ்துவைப் பொடியாக்கி, அச்சில் அழுத்தி, உலையில் வேக வைத்துக் கடிகாரத்துக்கு ஓடு செய்தார்கள். மேலே நீலக்கல் கண்ணாடி. கீறல் விழாத முதல் கடிகாரம் என்று விற்றார்கள். அந்த வஸ்துவைத் தேய்க்க வைரம் வேண்டும். நகாசு வேலைக்கெல்லாம் அது இணங்காது. ஆகவே ஓடு ஓடாகவே இருந்தது: ஒரு பெரிய நீள்வட்டம், ஆமை முதுகு மாதிரி, காதும் கொம்பும் இல்லாமல். டயலில் ஒரு குட்டி நங்கூரம், கையை அசைத்தால் ஆடும். வடிவம் பொருளின் பிடிவாதத்திலிருந்து பிறந்தது. ராயல் ஓக்கின் திருகாணியில் இருக்கிற அபிநயம் இதில் இல்லை.

இந்தக் கரையில் அதன் அருமை தெரிய வேண்டுமானால் உப்புக் காற்றைத் தெரிந்திருக்க வேண்டும். முலாம் பூசிய கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு ஒரு கோடை இருந்தால் போதும். வியர்வையும் உப்பும் சேர்ந்து முதலில் காதோரத்தில் முலாம் கிளம்பும். பிறகு பித்தளை பல்லிளிக்கும். மணிக்கட்டில் பச்சையாய்க் களிம்பு ஒட்டும். பாத்தியில் உப்பு வாருகிறவர்கள் கடிகாரமே கட்டுவதில்லை, அவர்களுக்கு வெயில் ஏறுவதுதான் மணி. கட்டுகிறவர்களோ ஆறு மாதத்துக்கு ஒருமுறை தங்கள் கௌரவம் நிறம் மாறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த இடத்தில் துபாயிலிருந்தும் குவைத்திலிருந்தும் ஒரு ஓடு வந்தது. எத்தனை வருஷம் போனாலும் வாங்கிய அன்று இருந்த மினுமினுப்பு. 1990கள் வரை இந்நாட்டில் கடிகார இறக்குமதிக்குக் கடுமையான கட்டுப்பாடு இருந்ததால், சபர் போய் வந்தவர் கையில்தான் அதைப் பார்க்க முடியும். கல்யாணப் பேச்சில் மாப்பிள்ளைக்கு என்று அதன் பெயர் அடிபட்ட காலம் உண்டு என்று பெரியவர்கள் சொல்வார்கள். இப்போதும் பென்ஷன் வாங்க வருகிற சிலர் கையில் அது இருக்கிறது. தோல் சுருங்கி, நரம்பு புடைத்து, கை நடுங்குகிறது. ஓட்டில் ஒரு கோடு இல்லை. எனக்கு அதைப் பார்க்க ஒரு சமயம் அழகாகவும் ஒரு சமயம் பயமாகவும் இருக்கும். போலிகளும் ஏராளமாக வந்தன. சாவிக் கொத்தால் ஒரு கீறு கீறிப் பார்த்தால் தெரிந்துவிடும் என்பார்கள். ஆடம்பரப் பொருளைச் சோதிக்க இவ்வளவு ஜனநாயகமான முறை வேறு எங்கும் இருந்ததாகத் தெரியவில்லை.

இதே காலத்தில் ராஜாங்கத்தின் கடிகாரம் எச்.எம்.டி. 1961இல் ஜப்பானிய ஸிட்டிஸன் கூட்டுறவோடு பெங்களூரில் தொடங்கியது. அதன் ஜனதா கடிகாரத்தில் துணிச்சல் என்று எதுவும் கிடையாது. வட்ட முகம், தெளிவான எண், தினம் காலையில் சாவி. வாத்தியார், ஸ்டேஷன் மாஸ்டர், தாலுகா ஆபீஸ் குமாஸ்தா எல்லோருக்கும் ஒரே முகம். பிரித்துக் காட்டக் கூடாது என்பதே அதன் வடிவக் கொள்கை என்றுகூடச் சொல்லலாம். 2016இல் மத்திய அரசு எச்.எம்.டி. கடிகாரத் தொழிலை மூட முடிவு செய்தது. மூடிய பிறகு அதைத் தேடித் தேடி வாங்குகிற ஒரு கூட்டம் கிளம்பியிருக்கிறது. கிடைக்காமல் போனதும் ஜனதாவும் ஆடம்பரமாகிவிட்டது.

ஓசூர் கதை 1984இல் ஆரம்பம். டாடா குழுமமும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் கூட்டுச் சேர்ந்து ஒரு கடிகாரக் கம்பெனி தொடங்கின. டாடா இண்டஸ்ட்ரீஸின் முதலெழுத்துக்களும் தமிழ்நாட்டின் முதலெழுத்துக்களும் சேர்ந்து டைட்டன். நடத்தியவர் ஸெர்க்ஸஸ் தேசாய், ஆக்ஸ்ஃபோர்டில் படித்த பார்ஸி. பள்ளி முடித்த கிராமத்துப் பிள்ளைகளை வேலைக்கு எடுத்து மைக்ரான் கணக்கில் வேலை செய்யப் பழக்கினார்கள். 1987இல் கடைக்கு வந்தபோது கூடவே மொஸார்ட்டின் 25ஆவது ஸிம்ஃபனியின் ஒரு துண்டும் விளம்பரத்தில் வந்தது; இந்தியாவில் லட்சோபலட்சம் பேர் மொஸார்ட்டை அவர் பெயர் தெரியாமலே முணுமுணுக்கிறார்கள் என்றால் அது ஓசூர் புண்ணியம். ஆரம்பத்திலேயே குவார்ட்ஸை எடுத்தார்கள். கடிகாரம் மணி பார்க்க மட்டும் இல்லை, பார்ப்பதற்கும் பரிசளிப்பதற்கும் என்றார்கள். நல்ல வியாபாரம். ஆனால் துணிச்சல் என்று நான் சொல்வது பிறகு வந்தது.

2002இல் எட்ஜ் வந்தது. நாலு வருஷ வேலை. உள்ளே யந்திரத்தின் கனம் 1.15 மி.மீ. தினம் சில்லறை எண்ணுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், ஒரு ரூபாய் நாணயத்தின் கனம்கூட இல்லை. மொத்தக் கடிகாரமும் 3.5 மி.மீ. சுவிஸ்காரர்களிடம் கேட்டபோது இது நடக்காது என்றார்களாம். இது ஓசூர்த் தரப்பில் சொல்லப்படும் கதை, வென்றவர்களிடம் இப்படி ஒரு கதை எப்போதும் இருக்கும். சன்னம் என்பது மட்டும் சாதனையென்றால் எட்ஜுக்கு முன்னோர்கள் உண்டு. பியாஜே 1957இல் 2 மி.மீ. கனத்தில் சாவி கொடுக்கும் யந்திரம் செய்துவிட்டது. 1979இல் கான்கார்ட் டெலிரியம் மொத்தமே 1.98 மி.மீ.; கூட்டின் முதுகையே யந்திரத்தின் தளமாக்கி அதைச் சாதித்தார்கள். அதே டெலிரியத்தின் பின்னால் வந்த ஒரு ரகம் 1 மி.மீ.க்கும் கீழே போய், கையில் கட்ட முடியாத கடிகாரமாக முடிந்தது. (அந்த உத்தி வீண்போகவில்லை, முதுகே தளம் என்ற யோசனைதான் 1983இல் 51 உறுப்புகளோடு ஸ்வாட்ச் என்ற பிளாஸ்டிக் கடிகாரமாகி சுவிஸ் தொழிலைத் தூக்கி நிறுத்தியது. பைத்தியக்காரத்தனம் ஏழைகளுக்கு உபயோகப்பட்ட அபூர்வ சந்தர்ப்பம்.)

எட்ஜின் சாதனை வேறு. அது 30 மீட்டர் கணக்குக்கு நீர் புகாத கடிகாரம். சன்னமாக்கினால் நீர் புகும், நீரைத் தடுக்க வேண்டுமென்றால் கனம் வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் அவர்கள் நின்று காட்டினார்கள். கை கழுவுகிற, வியர்க்கிற, மழையில் நனைந்து பஸ் பிடிக்கிற ஒருவனுக்காக அந்தச் சன்னம். முகத்தைப் பாருங்கள்: இரண்டே முள். வினாடி முள் கிடையாது. மூன்றாவது முள் ஒன்று மேலே ஏறினால் அதற்கும் உயரம் கொடுக்க வேண்டும். திருகாணி முன்னாலும் தெரியாது, பின்னாலும் அதட்டாது. ராயல் ஓக் பிடிமானத்தை நடித்துக் காட்டியது. ராடோ பொருளின் பிடிவாதத்துக்கு வழி விட்டது. எட்ஜ் தன்னால் முடிந்தவரை இல்லாமல் போகப் பார்த்தது. இந்த மூன்றில் கடைசியைத்தான் நான் பெரிய துணிச்சல் என்பேன். குறைத்து எழுதுவதன் சிரமம் தெரிந்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும்.

அப்படியானால் அது ஏன் ஆடம்பரக் கடிகாரம் என்று பெயர் எடுக்கவில்லை? விலை சில ஆயிரம் ரூபாய். மற்ற டைட்டன் கடிகாரங்களோடு அதே கடையில், பக்கத்துத் தட்டில் இருந்தது. குமாஸ்தா வாங்கலாம். வாங்கினார்கள். லெ ப்ராஸ்ஸுக்காரர்கள் எஃகுக்குத் தங்கத்தின் விலையைக் கேட்டு உலகத்தைத் திகைக்க வைத்த காரியத்தை ஓசூர் செய்யவில்லை. செய்திருந்தால் நடந்திருக்குமா என்பதும் சந்தேகம். 1990களில் ஐரோப்பாவில் விற்கப் போய் நஷ்டப்பட்டுத் திரும்பிய அனுபவம் அவர்களுக்கு இருந்தது. ஒரு சுவிஸ் வீடு விதியை மீறினால் அது துணிச்சல்; ஓசூர் மீறினால் அது மலிவான நல்ல சரக்கு. விதியை மீறும் உரிமை, விதியோடு நூறு வருஷம் குடித்தனம் நடத்தியவர்களுக்குத்தான் அனுமதிக்கப்படுகிறது. நம் மொழியில் எழுதுகிறவர்களுக்கு இந்த நிலைமை அந்நியமாக இராது. வேறெங்கோ நடந்தால் பரிசோதனை என்று போற்றப்படுவது, இங்கே நடந்தால் புரியவில்லை என்று ஒரு வரியில் முடிந்துவிடும்.

முன்னோர் இல்லாத குறையை டைட்டன் விலை கொடுத்துத் தீர்க்கப் பார்த்தது. 2011இல், 1737ஆம் வருஷத்துப் பரம்பரை சொல்லிக்கொள்கிற ஃபாவ்ர்-லூபா என்ற சுவிஸ் பெயரை வாங்கியது. வேடிக்கை, ஃபாவ்ர்-லூபா நமக்கு அந்நியப் பெயரே இல்லை. 1860களிலேயே பம்பாய்க்கு வியாபாரத்துக்கு வந்த வீடு அது. 1962இல் மலையேறுகிறவர்களுக்கு உயரம் காட்டும் பிவூவாக், 1968இல் மூழ்குகிறவர்களுக்கு ஆழம் காட்டும் பாத்தி என்று நிஜமான துணிச்சல்களும் அதன் கணக்கில் உண்டு. வாங்கிய பரம்பரை நிலைக்கவில்லை. 2023இல் அந்தப் பெயர் ஈத்தோஸ் என்ற கடிகார வியாபாரிகளின் கைக்குப் போயிற்று.

2025 ஜனவரியில் டைட்டன் ஒருவழியாக ஆடம்பரத்தின் கதவைத் தட்டியது. நெபுலா ஜல்ஸா என்று பெயர். தங்கக் கூடு, டூர்பில்யோன் என்ற சுழலும் யந்திர அமைப்பு, டயலில் சலவைக்கல், அதில் ஜெய்ப்பூர் ஓவியர் ஷாகிர் அலி கையால் எழுதிய சிற்றோவியம். ஹவா மஹால், சபை, ராஜா. மொத்தம் 10 கடிகாரங்கள். ஒன்றின் விலை ரூ.40.5 லட்சம். ஓவியத்தையோ யந்திரத்தையோ நான் குறை சொல்ல மாட்டேன். இரண்டும் லேசான வேலைகள் அல்ல. ஆனால் ரிவெர்ஸோவின் வெற்று முதுகில் நடந்ததை இங்கே முகத்திலேயே பார்க்கிறேன். எதுவும் இல்லாத ஒரு முகத்தை 2002இல் செய்து காட்டிய கைகள், தங்கள் மேன்மையை உலகம் ஒப்புக்கொள்ள வேண்டும் என்றதும் அரண்மனைக்குப் போய் ஒரு ராஜாவை அழைத்து வந்து டயலில் உட்கார வைக்க வேண்டியிருந்தது. உலகமும் ஒப்புக்கொண்டது.

மரக்காணத்தில் எனக்குத் தெரிந்த ஒரு கடிகார ரிப்பேர்க்காரர் இருக்கிறார். கடை என்பது ஒரு கண்ணாடிப் பெட்டியும் ஒரு விளக்கும். ராடோ வந்தால் முதுகைத் திறந்து, வியர்வை அழுக்கைத் துடைத்து, வாஷரை மாற்றித் தந்துவிடுவார். ஜனதா வந்தால் சந்தோஷப்படுவார். எட்ஜ் வந்தால் கையில் வாங்கி, விளக்குக்கு நேரே பக்கவாட்டில் பிடித்து ஒருமுறை பார்ப்பார். பிறகு, திறக்காமலே திருப்பிக் கொடுத்து, பாட்டரியாக இருந்தால்கூடப் புதுச்சேரியில் கம்பெனிக் கடைக்குக் கொண்டு போங்கள் என்பார்.